மிளகாய் போடாத கடை

பிப்ரவரி 4, செவ்வாய்

என் பெயர் நஞ்சப்பன். வயது எழுபத்திரண்டு. இதை நானே எழுதினேன்.

பிப்ரவரி 5, புதன்

நேற்று அவ்வளவுதான் எழுத முடிந்தது. கை வலித்தது. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலமெல்லாம் வலிக்காத கை, ஒரு பேனாவைத் தூக்கியதும் வலிக்கிறது. கோகிலா டீச்சரிடம் சொன்னேன். பேனாவை மூட்டை மாதிரி பிடிக்காதீர்கள், பூ மாதிரி பிடியுங்கள் என்றார். நான் பூ மார்க்கெட்டில் வேலை செய்யவில்லையே என்றேன். வகுப்பே சிரித்தது. வகுப்பு என்பது மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடப்பது. என்னைத் தவிர எல்லாரும் பெண்கள்.

தினமும் நடந்ததை எழுதச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தது டீச்சர்தான். நான் இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி இருக்கிறது. காலையில் கார்கள் எல்லாம் போன பிறகு வேலை இல்லை. அப்போது எழுதலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

பால் பாக்கெட்டில் 'பதப்படுத்தப்பட்ட' என்று போட்டிருக்கிறது. படித்துவிட்டேன். மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற பாக்கெட், கேட்டில் தொடங்கி அவர்கள் வாசல் வரை ஆனது. இத்தனை வருடம் இதே பாலைத்தான் குடித்தேன், யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

மயில்சாமியைப் பார்க்கப் போனேன்.

மயில்சாமி யார் என்று எழுத வேண்டும் அல்லவா. அவன் மண்டியில் ஏலம் கூறியவன். விடிவதற்கு முன் லாரி வந்து நின்றதும் தக்காளிப் பெட்டி மேல் ஏறிக் கூவ ஆரம்பித்தால், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். ஒரு தரம் என்பான். ரெண்டு தரம் என்பான். பிறகு நிறுத்துவான். அந்த நிறுத்தத்தில்தான் அவன் கெட்டிக்காரத்தனம் எல்லாம். வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது பொறுக்க முடியாமல் கூட்டிக் கேட்பார். இன்னும் கேள்வி வரும் என்று தோன்றினால் மயில்சாமி மூன்றாம் தரத்தைச் சொல்லி ஏலத்தை முடிக்கவே மாட்டான்.

எங்களில் மூன்றாவது ஆள் மஸ்தான் பாய். அதே மார்க்கெட்டில் எலுமிச்சம்பழக் கடை வைத்திருந்தவர். அமாவாசைக்கு மார்க்கெட் லீவு. ஒவ்வொரு அமாவாசையும் மதியம் மூன்று பேரும் டவுன்ஹால் பக்கம் மெஸ்ஸில் இலைச் சாப்பாடு சாப்பிடுவோம். எங்களோடு சேர்ந்து தானும் அமாவாசைக்குச் சைவமாகிவிட்டதாகப் பாய் சொல்லிக் காட்டுவார். மார்க்கெட்டை விட்டு எல்லாரும் வந்த பிறகும் அந்தச் சாப்பாட்டை நாங்கள் விடவில்லை.

தை அமாவாசைக்கும் போனோம். மயில்சாமி வத்தக்குழம்பில் ஒரு வாய் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோற்றின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு இருந்தது. அன்று பீட்ரூட் பொரியல் போட்டிருந்தார்கள். பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும். மறுபடி வருவோம், உறவு நிலைக்கும் என்று அர்த்தம். சாவு வீட்டில் மட்டும்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது, இப்படியொரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. மயில்சாமி எதிர்ப்பக்கமாக மடித்தான். மெஸ்காரம்மா முகம் சுளித்தார். அவசரத்தில் கவனித்திருக்க மாட்டான்.

இன்று போனபோது அறைக்குள் உட்கார்ந்து மோரில் கரைத்த சோறு குடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டான். வாயில் புண். காரம் ஆகவில்லை. ஆடி மாசத்தில் டாக்டர் பார்த்தார். பிறகு பாலக்காட்டுப் பக்கம் யாரோ கொடுக்கும் மூலிகைதான். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. பல் செட்டு சரியில்லை போல, மாற்றிக்கொள் என்று சொன்னேன். சரிடா என்றான்.

அவனுக்குப் பல் செட்டு கிடையாது. எல்லாம் சொந்தப் பல்.

பிப்ரவரி 10, திங்கள்

இந்த வயதில் எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவரையும் கேட்டார். ஒரு அம்மா பேத்திக்குப் பாடம் சொல்லித் தர என்றார். இன்னொருவர் ரேஷன் கடையில் ஏமாற்றுகிறார்கள் என்றார். என் முறை வந்தது. பஸ் போர்டு படிக்க என்றேன். மயில்சாமி கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

இன்று ஒரு பெரிய காரியம் செய்தேன்.

குடியிருப்புச் செயலாளர் ஒரு சாமான் வாங்கிவர அனுப்பினார். அவினாசி ரோட்டில் சிக்னலில் பஸ் நின்றது. வெளியே பச்சைப் பலகை. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். லெ. ப. னா. ன். பஸ் உறுமியது. நான் விடவில்லை. உ. ண. வ. க. ம். முடிக்கும்போது பஸ் நகர்ந்துவிட்டது, கழுத்தைத் திருப்பிக் கடைசி எழுத்தைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் 'லெபனான் உணவகம்' என்று சொன்னேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

லெபனான் என்றால் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன். கடலோரத்தில் ஒரு நாடு, மலையெல்லாம் இருக்கும் என்றார். அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். ரொட்டி, பருப்பு, கடலை, தயிர். நம்மைப் போல மிளகாயை அள்ளிப் போட மாட்டார்கள் என்றார்.

அதற்குப் பிறகு நடந்த பாடம் என் தலையில் ஏறவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மஸ்தான் பாய் தொழுகை முடித்து அப்படியே நான் சொன்ன அந்தக் கடைக்கே போய் விசாரித்துவிட்டுக் கேட்டுக்கு வந்தார். சமையல்கட்டு வரை தலையை நீட்டிப் பார்த்தாராம். சிவப்பாக ஒன்றுமே கண்ணில் படவில்லையாம்.

"பருப்பை வேக வச்சுக் கடைஞ்சு ஒரு தண்ணி தர்றான்டா. ரொட்டி பஞ்சாட்டம் இருக்குது. மயிலுக்கு எறங்கும். ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமையே நோன்பு வந்துரும். நோன்புக்கு முன்னால அமாவாசை வருது. அன்னைக்கே போயிரலாம்" என்றார்.

அது அடுத்த ஞாயிறு அல்ல, அதற்கும் அடுத்தது. நாள்காட்டியை நானே படித்துச் சொன்னேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மயில்சாமி வீட்டுக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தெய்வானை என்னை வாசலோடு நிறுத்திப் பேசினார். மூலிகைக்காரரே கையை விரித்துவிட்டாராம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். மார்ச் மூன்றாம் தேதி ஆபரேஷன் வைக்கிறோம், இதைத் தவறவிட்டால் பிறகு கழுத்துக்கு இறங்கிவிடும், கத்தி வைத்தும் பிரயோஜனம் இல்லை என்றார்களாம். நாக்கை எடுத்துவிட வேண்டும். மயில்சாமி ஒப்புக்கொள்ளவில்லை. பொழுதன்னிக்கும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

"நான் சொன்னாக் கேக்க மாட்டீங்கறாருங்ணா. நீங்களும் பாயும் சொல்லுங்க. நீங்க சொன்னா ஒருவேளை" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

சொல்கிறோம் அம்மணி என்றேன். காப்பி கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார்.

பிப்ரவரி 17, திங்கள்

மோட்டார் போட்டேன். நிறுத்த மறந்துவிட்டேன். தொட்டி வழிந்து படியெல்லாம் தண்ணீர். திட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அந்தக் கடைக்கு மயில்சாமி வருகிறான். உட்கார்ந்துவிட்டு மட்டும் வருவானாம், தின்னச் சொல்லக் கூடாதாம். சரி என்றேன். உட்காரவாவது வருகிறானே.

பிப்ரவரி 27, வியாழன், அமாவாசை

இன்று போய்வந்தோம். நிறைய எழுத வேண்டியிருக்கிறது. கை எழுதும்வரை எழுதி, மீதியை நாளை எழுதுவேன்.

மயில்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். தோளில் துண்டு. பேசும்போது துண்டை வாயருகே வைத்துக்கொள்கிறான். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக் கொடுத்து, படிடா என்றான். வழியெல்லாம் நான் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். டயர் கடை, பல் ஆஸ்பத்திரி, துணிக்கடை. ஒரு கண்டக்டரும் இப்படி ஸ்டாப்பிங் சொன்னதில்லை என்று பாய் கேலி செய்தார்.

சின்னக் கடைதான். கண்ணாடிக் கதவு, எட்டுப் பத்து மேசை, சுவரில் ஒரு மலைப் படம். ஆபீஸ் பிள்ளைகள் ரொட்டியில் எதையோ சுருட்டி நின்றபடியே தின்றார்கள். இலை கிடையாது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து அதன்மேல் தட்டு வைக்கிறார்கள். பரிமாறியவர் பெயர் கதிரேசன், பொள்ளாச்சிப் பக்கம். பாய் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவர் மயில்சாமியைத் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினார். நல்ல மனிதர்.

அட்டையில் சாப்பாட்டின் பெயர்கள் தமிழிலும் இருந்தன. நான் படிக்கிறேன் என்று வாங்கினேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். அந்த எழுத்தை டீச்சர் இன்னும் நடத்தவில்லை, இங்கே அதைப் பாய் போட்டுக் காட்டியபடி வரைந்திருக்கிறேன். மயில்சாமி அட்டையை என் கையிலிருந்து வாங்கினான். கொஞ்ச நேரம் பார்த்தான். துண்டை மடியில் வைத்தான்.

"ஹம்மஸ் ஒரு தரம்" என்றான்.

பழைய குரல் இல்லை. நாக்கு புரளவில்லை. ஆனால் இழுப்பு அதே இழுப்பு. பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க மண்டிக்காரரே, சரக்கு எந்த ஊருது?"

"லெபனான் சரக்கு. கடலை அரைச்ச சரக்கு. காரமில்லாதது. கேக்கறவங்க கேக்கலாம்."

ஒரு கூடை எலுமிச்சம்பழம் என்றார் பாய். பத்து மூட்டை தூக்கித் தருகிறேன் என்றேன் நான். மயில்சாமி என்னைப் பார்த்தான், பாயைப் பார்த்தான்.

"ரெண்டு தரம்" என்றான்.

நிறுத்தினான். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. ஆபீஸ் பிள்ளைகள் வாயில் ரொட்டியோடு பார்த்தார்கள். நாங்கள் காத்திருந்தோம். அவன் அட்டையை மூடிக் கீழே வைத்துத் தண்ணீரை எடுத்தான்.

"மூணாவது எங்கடா?" என்றார் பாய்.

"இன்னும் கேள்வி வரும்" என்றான்.

அவன் தண்ணீர் குடிப்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

பிப்ரவரி 28, வெள்ளி

மீதி.

முதலில் பருப்புத் தண்ணி வந்தது. மஞ்சளாக, வழவழவென்று. எலுமிச்சம்பழம் பிழியாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பாய். வாழ்நாளெல்லாம் எலுமிச்சை விற்றவர், எலுமிச்சை வேண்டாம் என்று நேற்றுத்தான் சொல்லிக் கேட்டேன். ரொட்டி காற்றுப் போன பூரி மாதிரி இருந்தது. பிய்த்தால் உள்ளே பை மாதிரி திறக்கிறது. அந்த ஹம்மஸ் கொண்டைக்கடலைத் துவையல், மேலே எண்ணெய். பாய்க்கு உருண்டையாகப் பொரித்தது ஒன்று வந்தது. கடித்துப் பார்த்தார்.

"இது மசால் வடைடா. கப்பலேறிப் போயிட்டுப் பேரை மாத்திக்கிட்டுத் திரும்பி வந்திருக்குது" என்றார்.

மயில்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய்க்குள் தற்செயலாகப் போகிற மாதிரி ஒரு கரண்டி பருப்புத் தண்ணியை விட்டுக்கொண்டான். நானும் பாயும் தட்டைப் பார்த்தோம். இன்னொரு கரண்டி. ரொட்டியை அதில் ஊறவைத்தான். கழுத்து ஏறி இறங்குவதை நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். கிண்ணம் காலியானது. கதிரேசன் கேட்காமலே இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்தான். எங்கள் முன்னால் அவன் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. எனக்கு அந்தச் சாப்பாட்டில் உப்புக்கூடத் தெரியவில்லை. இருந்தாலும் அதுபோல ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டு முடித்தோம். தெய்வானைக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார்.

"சொல்றதைச் சொல்லிப்போடுங்க" என்றான் மயில்சாமி. "ரெண்டு பேரும் கண்ணுலயே ஏலம் விட்டுட்டு இருக்கறீங்க."

பாய் சொன்னார். "எடுத்துக்கடா மயிலு. எடுத்துட்டு இருடா."

"எடுத்துட்டா நான் ஆரு பாய்? கூவித் தின்னவன் நான்." கொஞ்ச நேரம் காகிதத்தின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தான். "சரி, பேச்சு போச்சுன்னே வெச்சுக்கலாம். தெய்வானைக்கு எழுதிக் காட்டலாம். உங்களுக்கு எழுதிக் காட்டலாம். தெனமும் வந்து பக்கத்துல உக்காரப் போறவன் இவன். இவனுக்கு என்னத்தைக் காட்டறது? இவன் பஸ் போர்டு படிக்கறவன்."

"அதுக்குத்தான்டா போறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"நீ எழுதினா நான் படிக்கோணுமில்ல."

அவனுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். ஆடி மாசத்தில் டாக்டர் அவன் நாக்கில் சதை எடுத்துப் பார்த்த அன்றைக்கே, இது நாக்கோடு போகிற வியாதி என்று கூடப் போயிருந்த பாய் என்னிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன்.

மயில்சாமி கையை நீட்டினான். என் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பேனா அழுத்தி நடுவிரலில் காய்ப்பு இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான், போகிறதா என்பது போல. பிறகு கையை விட்டான். தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். தன் முன்னால் இருந்த வெள்ளைக் காகிதத்தின் மேல் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாக மடித்தான். ரொட்டித் துகளெல்லாம் அவன் வேட்டியில் கொட்டியது. உள்ளங்கையால் அழுத்தி நீவி விட்டான்.

அதெல்லாம் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வந்த கதிரேசன் பாதியில் நிறுத்திக்கொண்டார். பொள்ளாச்சிக்காரர் அல்லவா.

"மறுக்கா வாங்கண்ணா" என்றார்.

பாய் எழுந்து கைகழுவப் போனார். திரும்பி வர நேரமாயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

இன்றிலிருந்து பாய்க்கு நோன்பு. மயில்சாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 'உள்ளே', 'வெளியே', 'அமைதி காக்கவும்'. மூன்றையும் படித்தேன்.

மார்ச் 3, திங்கள்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வரை கூடவே போனேன். இன்னும் பேச முடியும் அல்லவா, ஏதாவது பேசுடா என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஒண்ணும் தோணலைடா என்றான்.

சாயங்காலம் டாக்டர்கள் வெளியே வந்தார்கள். நன்றாக முடிந்தது என்றார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். மூக்கில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் சாப்பாடு. கழுத்தில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் மூச்சு. பிள்ளைகள் எழுதி அழிக்கிற சிலேட்டு ஒன்றைப் பாய் வாங்கி வைத்திருந்தார். இன்று அதை எடுத்து எனக்கு எழுதினான்.

எனக்குப் படிக்க வரவில்லை.

டீச்சர் கரும்பலகையில் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, உருண்டையாக நிற்கும். மயில்சாமி மண்டிச் சீட்டு எழுதிய கை. எழுத்தெல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி ஓடுகிறது. எது எழுத்து, எது கோடு என்றே தெரியவில்லை. சிலேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தான். நான் சிரித்தேன். ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவனும் பார்த்துவிட்டுச் சிலேட்டைக் கீழே வைத்தான்.

அப்புறம் தெய்வானை வந்து சிலேட்டை எடுத்துப் படித்தார். படித்ததும், வெயில் மூஞ்சியில இப்படி அடிக்குது, பார்த்துட்டா உக்காந்திருக்கீங்க என்று கேட்டுத் திரையை இழுத்துவிட்டார். அதைத்தான் எழுதியிருந்தான்.

ஞாயிறும் வகுப்பு உண்டு. சாயங்காலம் போகவில்லை.

மார்ச் 10, திங்கள்

வார்டுக்குள் போகும்போதே அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். எனக்குப் படிக்கத் தெரியவில்லை, ஏமாற்றிவிட்டேன் என்று. அவன் என்னைக் கண்டதும் சிலேட்டை எடுத்தான். வெகுநேரம் எழுதினான். நான்கு எழுத்துக்கு அவ்வளவு நேரமா என்று பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தார். திருப்பினான்.

வெ யி ல்

முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல, பெரியதாக, உருண்டையாக, இடைவெளி விட்டு. நான் சத்தமாகப் படித்தேன். எழுந்து போய்த் திரையை இழுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறான். சத்தம் இல்லாமல் சிரிக்கிறான்.

நான்கு எழுத்து என்று மேலே எழுதிவிட்டேன். எண்ணிப் பார்த்தால் வேறாக வருகிறது. டீச்சரிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

ஒரு வார்த்தை எழுத அவனுக்கு எவ்வளவு நேரமோ, படிக்க எனக்கும் அவ்வளவு நேரம். மண்டியில் அவன் வாய்க்கு யாரும் ஈடு கொடுத்ததில்லை. இப்போது நானும் அவனும் ஒரே வேகம். நடுவில் பாய்க்குத்தான் பொறுமை போய்விடுகிறது. குனிந்து பார்த்து முதலில் சொல்லிவிடுகிறார். இன்று மயில்சாமி அவரைத் தள்ளிவிட்டு எழுதினான். நான் படித்தேன்: பாய் சும்மா இரு.

மூன்று பேரில் இரண்டு பேர் பட்டினி, நீ மட்டும் தின்றுவிட்டு வந்து தெம்பாக நிற்கிறாய் என்று பாய் என்னைக் கேலி செய்தார். நான் மதியச் சாப்பாட்டை விட்டுக் கொஞ்ச நாளாகிறது. பசி இல்லை.

மார்ச் 17, திங்கள்

சிலேட்டில் 'அமாவாசை' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டான். இருபத்தொன்பதாம் தேதி என்றேன். அழித்தான். அடுத்ததை அவன் முழுவதும் எழுதி முடிப்பதற்கு முன்பே படித்துவிட்டேன். லெபனான். அந்த வார்த்தை எனக்குத் தூக்கத்திலும் வரும்.

வாய் வழியாகக் கொடுக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று நர்ஸம்மா சொன்னார். மயில்சாமி அழித்துவிட்டு மறுபடி எழுதினான். பொறுமையாக, எனக்காகப் பெரியதாக.

உக்காந்துட்டு வரலாம்.

சரிடா என்றேன்.

மார்ச் 22, சனி

காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். சிலேட்டு தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

மறுபடியும் தீவிர சிகிச்சை அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. இந்தப் பக்கம் நின்று நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். 'அமாவாசைக்கு நாலு நாள்.' அவன் பக்கம் வெளிச்சம் அதிகம், கண்ணாடியில் தெரிந்திருக்காது. கண் திறந்துதான் இருந்தது.

நாலு நாள் இல்லை, ஐந்து. பிறகுதான் எண்ணினேன்.

மார்ச் 26, புதன்

மயில்சாமி போய்விட்டான்.

மார்ச் 27, வியாழன்

மார்க்கெட்காரர்கள் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அவன் வீட்டுத் தெரு முனையிலிருந்து உக்கடம் வரை. படம் பழையது, மீசை கறுப்பாக இருக்கிறது. இதுபோல எத்தனையோ போஸ்டரைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நடந்திருக்கிறேன். இன்று நின்று படித்தேன். கண்ணீர் அஞ்சலி. ஏலக்காரர் மயில்சாமி அவர்கள். கீழே இருந்த பெயர்கள், அச்சகத்தின் பெயர், எல்லாம். ஓர் எழுத்திலும் நான் தடுக்கவில்லை. தடுக்கியிருக்கலாம்.

தெய்வானை என்னைப் பார்த்ததும், நீங்க படிச்சுட்டு வந்ததுதானுங்ணா அவுருக்குத் தெம்பு என்றார். நான் படிக்கப் போகாமல் இருந்தால் அவன் அந்தக் காகிதத்தை எந்தப் பக்கம் மடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29, சனி, அமாவாசை

காலையில் மஸ்தான் பாய் கேட்டுக்கு வந்தார். தாடி வாரவில்லை.

"வா, போய் உக்காந்துட்டு வரலாம்" என்றார்.

நீங்கள் நோன்பு ஆயிற்றே என்றேன். உட்காருவதற்கு என்ன நோன்பு என்றார்.

அதே மேசை காலியாக இருந்தது. கதிரேசன் மூன்று காகிதம் விரித்தார். பிறகு கதவைப் பார்த்தார். அந்த அண்ணன் வரலீங்களா என்று கேட்டார். பாய் இல்லை என்று தலையை ஆட்டினார். எப்படி ஆட்டினாரோ, அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது காகிதத்தை எடுக்கக் கையை நீட்டினார். எடுக்கவில்லை. உள்ளே போய்ப் பருப்புத் தண்ணி ஒரு கிண்ணம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தது. நான் அதை அப்படியே குடித்தேன். பாய் தன் முன்னால் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை மேசையில் கிடந்தது. டீச்சர் நேற்று அந்த எழுத்தை நடத்திவிட்டார். ஹம்மஸ். படிக்க வந்தது. சொல்லவில்லை.

"ரெண்டாந்தரத்துல நிறுத்திட்டுப் போயிட்டான்டா" என்றார் பாய். "மூணாவதை நீயாவது சொல்லீரு. முடிச்சு விட்ரு."

நான் யோசித்தேன். வாயைத் திறந்தும் பார்த்தேன்.

"கேள்வி இருக்கறப்ப அவன் சொல்ல மாட்டான் பாய்" என்றேன்.

கிண்ணம் காலியான பிறகு என் காகிதத்தை மடித்தேன். துக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மடிப்பதுதான் வழக்கம். என் பக்கமாகவே மடித்தேன். பிறகு எழுந்து எதிர்ப்பக்கம் எட்டி, ஒரு துகள்கூட விழாத அவன் காகிதத்தின் விளிம்பைப் பிடித்து, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கமாக மடித்துவிட்டு உள்ளங்கையால் நீவினேன். பாய் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரேசனும் பார்த்தார். யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பலகை எதையும் படிக்கவில்லை.